இமைமுடிக்கு எக்ஸ்டென்ஷனா, லிஃப்டா, சீரமா? தை மாதம் கல்யாணம், குழப்பமாக இருக்கிறது

கண்ணாடிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். தை 14 எனக்குக் கல்யாணம், திருச்சியில். சரியாகப் பத்து வாரம் இருக்கிறது. புடவை, நகை, மண்டபம் எல்லாவற்றையும் அம்மாவும் சித்தியும் எடுத்துக்கொண்டார்கள். என் பொறுப்பில் விட்டிருப்பது என் முகம் மட்டும்தான், அதிலேயே இத்தனை குழப்பம்.

மூன்றாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறேன். இப்போது இரண்டு கண்ணிலும் மைனஸ் 5.5. மைனஸ் கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தெரியும், கண்ணாடிக்குப் பின்னால் கண் சுருங்கித் தெரியும். கழற்றினால்தான் "உனக்கு இவ்வளவு பெரிய கண்ணா?" என்று கேட்பார்கள். கல்யாணத்தன்று லென்ஸ் போடப்போகிறேன் (மாதம் ஒருமுறை மாற்றும் சாஃப்ட் லென்ஸ்). அதனால் என் கண்ணை ஊரே முதல்முறையாகப் பார்க்கப்போகிறது.

இமைமுடி எனக்கு இல்லாமல் இல்லை. நேராக, ஓட்டு வீட்டுத் தாழ்வாரம் மாதிரி கீழே சரிந்து கிடக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு வந்த பார்லர்காரர் பட்டையாக ஒரு செயற்கை இமையை ஒட்டிவிட்டார். தட்டு மாற்றுவதற்குள் மூக்கோரம் பிரிந்துவிட்டது. அதன்பின் எடுத்த எல்லாப் படத்திலும் இடது கண்ணில் ஒரு கம்பளிப்பூச்சி எழுந்து நிற்கிறது.

இந்த முறை விசாரித்ததில் கிடைத்தவை: எக்ஸ்டென்ஷன் (செயற்கை முடி ஒட்டுவது) 4,500 ரூபாய். லாஷ் லிஃப்ட் (இருக்கும் முடியை மருந்து தடவி மேலே வளைப்பது), கறுப்புச் சாயமும் சேர்த்து 2,800. ஆன்லைனில் இமைமுடியை வளர்க்கத் தடவும் ஒரு சீரம் 1,900. அத்தை மகள் சீரம்தான் என்கிறாள், அவளுக்கு நிஜமாகவே வளர்ந்திருக்கிறது. அம்மா விளக்கெண்ணெய் போதும் என்கிறார்.

இன்னும் சில விவரங்கள், உதவுமா தெரியவில்லை. முகூர்த்தம் காலை 6 முதல் 7.30. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். ஹோமப் புகை என்றால் எனக்கு உடனே கண்ணீர் வரும். கல்லூரியில் ஒரு முறை கடைக் கோனில் கறுப்பு மருதாணி வைத்து, கை முழுக்கக் கொப்புளம் வந்து ஒரு வாரம் அவதிப்பட்டேன். மற்றபடி ஒவ்வாமை எதுவும் இல்லை.

யாராவது இவற்றில் இரண்டையாவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


ஓஎம்ஆர்_வாசி:

எக்ஸ்டென்ஷன் போட்டவள் பேசுகிறேன். பொய் சொல்ல மாட்டேன், முதல் பத்து நாள் ராணி மாதிரி இருந்தது. காலையில் எழுந்து முகம் கழுவினால் போதும், மேக்கப் போட்ட மாதிரியே இருக்கும். அலுவலகத்தில் இரண்டு பேர் எங்கே போட்டாய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

உன் இமைமுடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு செயற்கை முடியைத் தனித்தனியாக ஒட்டுவார்கள். கண்ணை மூடி இரண்டு மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். அந்த முடி உதிரும்போது ஒட்டியதும் சேர்ந்தே உதிரும், அதனால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய் இடைவெளியை நிரப்ப வேண்டும். எனக்கு நான் ஒருக்களித்துப் படுக்கும் வலப்பக்கம்தான் முதலில் காலியாகும்.

மூன்றாவது தடவை நிரப்பிவிட்டு வந்த இரவே இமை வீங்கிவிட்டது. காலையில் கண் திறக்கவில்லை. முதல் இரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். தோல் மருத்துவர் சொன்னார், இந்தப் பசைக்கு ஒவ்வாமை அப்படித்தான் வரும், உடம்பு சில தடவை பொறுத்துக்கொண்டு பிறகு ஒரு நாள் திரும்பும் என்று. போட்ட இடத்தில் போய்க் கேட்டால் "நீங்கள் கண்ணைத் தேய்த்திருப்பீர்கள்" என்றார்கள். எடுத்துவிட்டபின் வலது கண் ஓரத்தில் ஒரு சிறு வழுக்கை. வளர மூன்று மாதம் ஆயிற்று, அந்த மூன்று மாதமும் வீடியோ கால் எல்லாவற்றிலும் கேமராவை அணைத்தே வைத்திருந்தேன்.

உனக்கு ஆகாது என்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் முதல்முறையாகப் போடாதே. அவ்வளவுதான் என் வேண்டுகோள்.


திண்ணை:

உன் அம்மா சொல்வதைக் கேள் கண்ணு. எங்கள் காலத்தில் கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து, நிழலில் காயவைத்து, திரியாகத் திரித்து விளக்கெண்ணெயில் எரிப்போம். மேலே வெண்கலத் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்து, அதை விளக்கெண்ணெயிலேயே குழைத்தால் மை. ராத்திரி அந்த எண்ணெயைத் தொட்டு இமையில் தடவிக்கொண்டு படுப்போம். என் மூன்று பெண்களுக்கும் இமை அடர்த்திதான். மண்டபத்தில் யாரும் உன் இமையை எண்ணிப் பார்க்கப் போவதில்லை, பந்தியில் பாயசத்தைத்தான் பார்ப்பார்கள்.


சோதனை_அறை:

நான் டாக்டர் இல்லை. கண் மருத்துவமனையில் பதினான்கு வருடமாகப் பார்வை பரிசோதிக்கும் வேலை. கேள்வியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்காகவே பதில் எழுதுகிறேன். அந்தக் கறுப்பு மருதாணி.

இலையை அரைத்து வைக்கும் மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். கடைக் கோனில் கன்னங்கரேலென்று பிடிக்க வைப்பது பெரும்பாலும் பிபிடி என்கிற சாயப்பொருள். தலைமுடிச் சாயங்களிலும் அது உண்டு. ஒரு முறை கொப்புளம் போட்ட உடம்பு அதை மறக்காது. லிஃப்டோடு சேர்த்துப் போடும் கறுப்புச் சாயத்தில் அதுவோ அதன் உறவுக்காரப் பொருளோ இருந்தால், கையில் வந்தது இமையில் வரும். இமைத்தோல் உடம்பிலேயே மெல்லிய தோல். வீக்கம் எப்படி இருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை.

இது புதுக்கதையும் இல்லை. 1933-ல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச்சாயம் விற்றது. அதிலும் இந்த வகைச் சாயப்பொருள்தான். போட்ட பெண்களுக்குக் கண் புண்ணானது, பார்வையும் போனது, ஓர் உயிரும் போனது. அங்கே 1938-ல் அழகுசாதனங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்த வகைச் சாயத்தை இமைமுடிக்குப் போட இன்றுவரை அங்கே அனுமதி இல்லை. ஆகவே லிஃப்ட் செய்தாலும் சாயம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். "எங்களுடையது ஹெர்பல்" என்பார்கள், காதில் வாங்காதீர்கள்.

சீரம் பற்றி. இமைமுடியை நிஜமாக வளர்ப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து என்றால் பைமாட்டோப்ராஸ்ட். அது கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்து. போட்ட நோயாளிகளுக்கு இமை நீண்டு வளர்வதைப் பார்த்துவிட்டு, 2008 கடைசியில் அதையே லாட்டிஸ் என்ற பெயரில் இமைக்காக அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அழகுக்காக விற்கும் சில சீரங்களில் இதே குடும்பத்து வேதிப்பொருள் வேறு பெயரில் இருக்கும். அத்தை மகளுக்கு நிஜமாகவே வளர்ந்தது என்றால் அவர் பாட்டிலின் பொருள் பட்டியலைப் பாருங்கள். "ப்ராஸ்ட்" என்று வரும் எதுவும் அந்த வம்சம்தான்.

உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்கு என் காரணங்கள்: முழுப் பலன் தெரியப் பதினாறு வாரம் ஆகும், உங்களிடம் இருப்பது பத்து. நிறுத்தினால் மெல்லப் பழைய நிலைக்கே வந்துவிடும். நடுவில் கண் சிவந்து அரிக்கலாம், இமைத்தோல் கறுக்கலாம். கருவிழியைச் சுற்றியுள்ள நிறம் பழுப்பாக மாறலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. நம் கண் ஏற்கெனவே பழுப்பு, அது தெரியாது. தோல் கறுப்பது தெரியும். சிலருக்குக் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு வற்றிக் குழி விழுவதும் உண்டு. கண் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

திண்ணை அம்மாவுக்கு: விளக்கெண்ணெய் முடியைப் பளபளப்பாக்கும், அதனால் அடர்த்தியாகத் தெரியும். வளர்க்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. லென்ஸ் போடுகிறவர்கள் இரவில் தடவினால் காலையில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். எண்ணெய் படிந்தால் நாள் முழுக்கப் பனிமூட்டத்தில் நடப்பது போலிருக்கும்.


திண்ணை:

நான் லென்ஸ் போடவில்லை தம்பி. உங்கள் மருந்துக்குப் பதினாறு வாரம், என் எண்ணெய்க்கு மட்டும் ஆதாரமா. சரி சரி.


ஒப்பனைப்பெட்டி:

மதுரையில் பதினொரு வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். நிச்சயதார்த்தத்தில் நடந்தது உங்கள் கண்ணின் குற்றம் இல்லை. பட்டையை உங்கள் கண் நீளத்துக்கு வெட்டாமல் பெட்டியில் இருந்தபடியே ஒட்டியிருப்பார்கள், பசை பிசுபிசுப்புக்கு வர அரை நிமிடம் பொறுக்கவும் இல்லை. ஈரப்பசையில் ஒட்டினால் மூக்கோரம்தான் முதலில் கிளம்பும்.

ஆனால் சரியாக ஒட்டினாலும் முகூர்த்தத்துக்குப் பட்டை போடுவதை நான் நிறுத்தி நாலைந்து வருடம் ஆகிறது. காரணம் கேமரா. மணமேடையில் பெண் பாதி நேரம் தலை குனிந்துதான் இருக்கிறாள். தாலி ஏறும்போது இமை தாழ்ந்திருக்கும், படம் எடுப்பவர் எதிரே நிற்பார். அந்தக் கோணத்தில் இமையின் மேல் பட்டையின் அடிக்கோடு கறுப்புக் கயிறு மாதிரி தெரியும். நிமிர்ந்து பார்க்கும் ரிசப்ஷனுக்குப் பட்டை அழகு.

எக்ஸ்டென்ஷனை நீங்கள் மறந்துவிடலாம். ஓஎம்ஆர் தங்கை சொன்னது ஒரு பக்கம். உங்கள் விஷயத்தில் அதைவிடப் பெரிய தடை அந்த எண்ணெய்க் குளியல். எண்ணெய் பட்டால் பசை இளகும் என்று போடுகிறவர்களே எச்சரித்துத்தான் அனுப்புவார்கள். அதற்கு முன்னால் நலங்கில் மஞ்சளும் எண்ணெயும் பூசுவார்கள். நல்லெண்ணெய் வழிய உச்சியில் தேய்க்கும்போது "அத்தை, இமையில் படாமல்" என்று எந்த மணப்பெண் சொல்ல முடியும்? எனக்குத் தெரிந்த ஒரு பெண் 5,000 ரூபாயைச் சீயக்காயோடு சேர்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாதி இருக்கிறது, பாதி இல்லை. இருப்பதை எடுக்கவும் முடியாது, இல்லாததை நிரப்பவும் நேரமில்லை.

இனி உங்களுக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். நீங்களே சொல்லிவிட்டீர்கள், முடி இருக்கிறது, கீழே சரிந்திருக்கிறது. அப்படியானால் நீளம் வேண்டியதில்லை, வளைவு போதும். நம் பக்கத்துப் பெண்கள் பலருக்கு இதே கதைதான். இமையை மேலே தூக்கிவிட்டாலே கண் ஒரு சுற்று பெரிதாகத் தெரியும்.

அதற்கு இரண்டு வழி. லிஃப்ட் என்பது இமைக்குச் செய்யும் பெர்ம். சிலிக்கான் வில்லையின் மேல் முடியைப் படியவைத்து, தலைமுடி பெர்முக்குப் பயன்படும் வகை மருந்தைத் தடவி வளைப்பார்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் நிற்கும், முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, அப்புறம் எண்ணெய்க் குளியலுக்குப் பயமில்லை. சாயம் இல்லாமல் செய்யச் சொல்லலாம். ஆனால் மருந்தை இரண்டு நிமிடம் கூட வைத்துவிட்டால் முடி கொக்கி மாதிரி சுருண்டுவிடும், வளர்ந்து உதிரும்வரை ஒன்றும் செய்ய முடியாது. கொப்புளம் போட்ட தோல் என்பதால் நான் உங்களை அதற்கு அனுப்ப மாட்டேன். இது என் பயம், வேறு யாராவது துணிந்து அனுப்பலாம்.

மற்ற வழி முந்நூறு ரூபாய்க் கர்லர், இமைமுடியை அழுத்தி வளைக்கும் சின்னக் கருவி. சிரிக்காதீர்கள். பலர் நடுமுடியில் ஒரே தடவை அழுத்தி எல் மாதிரி மடக்கிவிட்டு, கர்லர் சரியில்லை என்கிறார்கள். அடியில் பத்து எண்ணும்வரை, நடுவில் ஐந்து, நுனியில் மூன்று என்று மூன்று இடத்தில் மெதுவாக அழுத்த வேண்டும். மஸ்காராவுக்கு முன்னால்தான். பின்னால் அழுத்தினால் முடி ரப்பரில் ஒட்டிப் பிய்ந்து வரும். ரப்பரில் கோடு விழுந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். இன்றிலிருந்து தினம் பழகுங்கள், பத்து வாரத்தில் கை தானாக வரும்.

மஸ்காராவில்தான் உங்கள் ஹோமப் புகைக்குப் பதில் இருக்கிறது. சாதாரண மஸ்காரா ஈரத்தில் வளைவையும் விட்டுவிடும், கன்னத்திலும் இறங்கும். வாட்டர்ப்ரூஃப் வளைவைப் பிடித்து வைக்கும், அழுதாலும் நிற்கும், ஆனால் எண்ணெய் கலந்த க்ளென்ஸர் இல்லாமல் போகாது. ட்யூபிங் மஸ்காரா என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு முடியைச் சுற்றியும் மெல்லிய உறை மாதிரி படியும், வியர்வையிலும் முக எண்ணெயிலும் ஈஷாது, வெதுவெதுப்பான நீரில் சிறு குழாய் குழாயாகக் கழன்று வரும். லென்ஸ்காரர்களுக்கு நல்லது, வளைவைப் பிடிப்பதில் மட்டும் கொஞ்சம் சோம்பேறி. நான் முகூர்த்தத்துக்கு வாட்டர்ப்ரூஃப் ஒரே பூச்சு அடியில் மட்டும், அதன்மேல் ட்யூபிங் என்று போடுவேன். நார் கலந்த மஸ்காரா மட்டும் தொடவே வேண்டாம், நார் உதிர்ந்து லென்ஸுக்கு அடியில் போனால் மேடையிலேயே லென்ஸைக் கழற்ற வேண்டி வரும்.

அப்புறம் கொஞ்சம் கூடுதல் வேண்டுமென்றால் கிளஸ்டர். நாலைந்து முடி சேர்ந்த சின்னக் கொத்து. கண்ணின் வெளிப்பாதியில் மட்டும் ஐந்து, ட்வீஸரால் வைப்பது. 8 மில்லிமீட்டர் மூன்று, ஓரத்தில் 10 இரண்டு. 14 வைக்கச் சொல்லிப் படம் காட்டுவார்கள், வேண்டாம். மறுநாள் கண்ணாடியைத் திரும்பப் போடும்போது அது உள்ளே உரசிக் கோடு போடும். பசை ரப்பர்ப்பால் கலக்காததாக இருக்கட்டும், ஒரு வாரம் முன்னாலேயே காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து இரண்டு நாள் பாருங்கள். கொத்து ஒன்று விழுந்தாலும் பக்கத்தில் இருப்பது மறைத்துக்கொள்ளும். பட்டைக்கு அந்தக் கருணை கிடையாது.

வரிசை: குளியல், தலை துவட்டல், லென்ஸ், அதன்பின் மேக்கப். கழற்றும்போது முதலில் லென்ஸ். கண்ணீர் வந்தால் டிஷ்யூவின் முனையைக் கூராக மடித்து மூக்கோரத்தில் ஒற்ற வேண்டும், இமைக்கு அடியில் இழுக்கக் கூடாது. அந்த டிஷ்யூ பக்கத்தில் உட்காரும் நாத்தனாரிடம் இருக்கட்டும். உங்கள் கை இரண்டும் சும்மா இருக்காது.


கண்ணாடிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. சோதனை_அறை அண்ணா, அத்தை மகளின் பாட்டிலைப் பார்த்தோம். பொடி எழுத்தில், க்ளோப்ராஸ்ட் என்று தொடங்கும் ஒரு நீளப் பெயர். அவள் இமை ஓரம் கறுத்திருப்பதைத் தூக்கமின்மை என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். கண் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். ஒப்பனைப்பெட்டி அக்கா, கர்லர் வாங்கிவிட்டேன். முதல் நாள் இமைத்தோலையே கடித்துவிட்டது.


ஒப்பனைப்பெட்டி:

கடிக்கும். கீழே பார்த்துக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியை மேசையில் படுக்க வைத்துச் செய்யுங்கள்.


கண்ணாடிக்காரி:

மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கல்யாணம் நன்றாக நடந்தது.

முழுக் கணக்கையும் சொல்கிறேன். கர்லர், நீங்கள் சொன்ன இரண்டு மஸ்காரா, கண்ணுக்கு ஐந்து கிளஸ்டர். மொத்தம் 1,650 ரூபாய். கிளஸ்டரை என் திருச்சி மேக்கப் அக்காவிடம் சொல்லி வைக்கச் செய்தேன், அவருக்குப் பட்டைதான் பழக்கம், முகத்தைச் சுளித்துக்கொண்டே வைத்தார். புகை எதிர்பார்த்ததைவிட மோசம், காற்று நேராக என் பக்கம். கண்ணீர் கொட்டியது, பார்த்தவர்கள் உணர்ச்சிவசப்பட்டு அழுகிறேன் என்று நினைத்துப் பெரியம்மாவும் அழ ஆரம்பித்துவிட்டார். கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு இல்லை. தாலி கட்டும் படத்தில் இமை தனித்தனியாகத் தெரிகிறது, கயிறு இல்லை.

குறை என்றால், மாலை மாற்றும்போது வலது ஓரத்துக் கொத்து இரண்டு சம்பங்கி மாலையோடு போய்விட்டன. ரிசப்ஷனுக்கு முன்னால் இரண்டு புதிதாக வைக்க வேண்டியிருந்தது. இரவு கழற்றும்போது அவசரத்தில் என் சொந்த முடியும் ஏழெட்டு வந்துவிட்டது, க்ளென்ஸர் நனைத்த பஞ்சை அரை நிமிடம் இமையில் வைத்திருக்கும்படி மேக்கப் அக்கா சொன்னதை மறந்துவிட்டேன்.

கிளஸ்டரை அதற்குப் பிறகு தொடவில்லை. கர்லர் மட்டும் தினமும். இப்போது கண்ணாடிக்குப் பின்னாலும் இமை கொஞ்சம் தெரிகிறது. ரப்பரில் கோடு விழுந்துவிட்டது அக்கா, அது மட்டும் தனியாகக் கிடைக்குமா? மெயின்கார்டு கேட் பக்கம் நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன், புதுக் கர்லரே வாங்கு என்கிறார்கள்.


ஒப்பனைப்பெட்டி:

வாங்காதீர்கள். கர்லர் வந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? பின்பக்கம் பிளாஸ்டிக்கில் ஒரு உபரி ரப்பர் ஒட்டியிருக்கும், நிறையப் பேர் கவனிக்கவே மாட்டார்கள்.


கண்ணாடிக்காரி:

இருந்தது!